ஹிராடோ தீவைப் பார்க்கும் முறை: குமரி மாவட்டத்திலிருந்து செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

கோட்டார் சவேரியார் திருநாள் டிசம்பர் 3ஆம் தேதி நிறைவடைவதும், அன்று மாவட்டம் முழுவதற்கும் உள்ளூர் விடுமுறை விடப்படுவதும் நம் எல்லோருக்கும் தெரியும். 1544இல் நம் கடற்கரை ஊர்கள் வழியே மணியடித்துக்கொண்டு நடந்த அதே சவேரியார், 1549இல் ஜப்பானின் ககோஷிமாவில் கரையிறங்கி, அடுத்த ஆண்டே ஹிராடோ என்னும் தீவுக்குப் போனார் என்பது அவ்வளவாகத் தெரியாது. குளச்சலில் 1741இல் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் தோற்ற டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்னால், 1609இல், தன் முதல் ஜப்பானியப் பண்டகசாலையைத் திறந்ததும் இதே தீவில்தான். ஜப்பானுக்குப் போகும் நம்மவர் பலரும் டோக்கியோவையும் கியோட்டோவையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். குமரி மாவட்டத்துக்காரர் ஒருவர் அந்த நாட்டில் ஓர் இடத்தை மட்டும் பார்க்க முடியும் என்றால், அது ஹிராடோவாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஹிராடோ நாகசாகி மாகாணத்தைச் சேர்ந்தது. கியூஷுப் பெருந்தீவின் வடமேற்கு ஓரத்தில், குறுகிய நீரிணைக்கு அப்பால், வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிறது. பரப்பளவு ஏறத்தாழ 163 சதுர கிலோமீட்டர், அதாவது நம் மாவட்டத்தில் பத்தில் ஒரு பங்கு. 1977இல் திறக்கப்பட்ட சிவப்புத் தொங்குபாலம் அதைக் கியூஷுவுடன் இணைப்பதால் படகு தேவையில்லை.

போய்ச் சேரும் வழி

விசாவை முதலில் முடித்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டுக்குரிய ஜப்பானியத் துணைத் தூதரகம் சென்னையில் இருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து பார்த்தால் திருவனந்தபுரம் விமான நிலையமே அருகில் உள்ளது. அங்கிருந்து சிங்கப்பூர் போய், விமானம் மாறி, ஃபுகுவோகாவில் இறங்குவது நேரான வழி. டோக்கியோவில் இறங்கி ரயிலில் கியூஷுவுக்கு வருவது பணத்துக்கும் உடம்புக்கும் வீண் செலவு. ஃபுகுவோகாவின் ஹக்காத்தா நிலையத்திலிருந்து சசெபோ நகருக்கு விரைவு ரயிலில் ஏறக்குறைய 2 மணி நேரம். சசெபோவிலிருந்து ஹிராடோ துறைமுகம் வரை பேருந்து உண்டு. ஒன்றரை மணி நேரம் ஆகும். மட்சுவூரா ரயிலில் தபிரா-ஹிராடோகுச்சி நிலையம் வரை போய், அங்கிருந்து பேருந்திலோ டாக்ஸியிலோ பாலத்தைக் கடப்பதும் நல்ல வழியே. ஆனால் இந்த ரயில் தனியார் தடம் என்பதால், ஜப்பான் ரயில்வேயின் சலுகைப் பயணச்சீட்டான ஜேஆர் பாஸ் வைத்திருந்தாலும் தனியாகக் கட்டணம் செலுத்த வேண்டும்.

இந்தப் பேருந்திலும் சிறு ரயிலிலும் நடத்துநர் கிடையாது. பின்வாசல் வழியாக ஏறும்போது வாசலருகே உள்ள சிறு பெட்டி ஒரு சீட்டை நீட்டும். அதில் ஓர் எண் இருக்கும். ஓட்டுநரின் தலைக்கு மேலே உள்ள பலகையில் அந்த எண்ணுக்கு நேரே கட்டணம் ஒளிரும். ஒவ்வொரு நிறுத்தம் தாண்டும்போதும் அது சிறிது சிறிதாக ஏறிக்கொண்டே போகும். இறங்கும்போது சீட்டையும் சில்லறையையும் சேர்த்து, ஓட்டுநரின் பக்கத்திலுள்ள பெட்டியில் போட்டுவிட்டு முன்வாசல் வழியாக இறங்க வேண்டும். நோட்டை மாற்றும் பொறி அதே பெட்டியில் இருந்தாலும் பெரிய நோட்டை அது ஏற்காது. ஆகவே ஆயிரம் யென் நோட்டுகளும் சில்லறையும் எப்போதும் கையில் இருக்கட்டும். தீவில் சிறிய கடைகளிலும் பணமாகக் கொடுப்பதே தடையின்றி நடக்கும்.

ஒரே நாளில் வந்து திரும்பிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். இரண்டு இரவு தங்குங்கள். ஒரு நாள் துறைமுக ஊரைக் காலால் நடந்து பார்ப்பதற்கு. மறுநாள் காரில் தீவின் மேற்குப் புறத்தைப் பார்ப்பதற்கு. ஏப்ரல் கடைசியிலிருந்து மே வரையும், அக்டோபர், நவம்பர் மாதங்களும் ஏற்ற காலம். ஆனால் ஏப்ரல் இறுதியிலும் மே முதல் வாரத்திலும் ஜப்பானியருக்குத் தொடர் விடுமுறை வருவதால் அறை கிடைப்பது கடினம். ஆகஸ்டு, செப்டம்பரில் சூறாவளி வரும். குளிர்காலத்துக் கடற்காற்று நம் உடம்புக்குப் பழக்கமில்லாதது.

முதல் நாள்: துறைமுக ஊர்

பேருந்திலிருந்து இறங்கியதும் கண்ணில் படுவது எதிர்க்குன்றின் மேலுள்ள கோட்டை. கால் தானாக அந்தப் பக்கம் திரும்பும், ஆனால் உடனே போக வேண்டாம். 1599இல் கட்டப்பட்டு, 1613இல் அதைக் கட்டிய தலைவராலேயே தீயிடப்பட்டு, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீண்டும் எழுப்பப்பட்டு, நிலவுடைமை ஆட்சி முடிந்ததும் இடிக்கப்பட்ட அந்தக் கோட்டை, இன்று நாம் காணும் உருவில் 1962இல் கட்டப்பட்டது. அதன் மேல்தளத்திலிருந்து தெரியும் நீரிணையும் துறைமுகமும் அருமையானவை. ஆனால் கீழே உள்ள ஊரை நடந்து அறிந்த பிறகு மேலிருந்து பார்த்தால்தான் எந்தக் கூரை எது என்று தெரியும். ஆகவே அதை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஊரை அதன் வரலாறு நடந்த வரிசையிலேயே பார்ப்பதுதான் நான் சொல்லும் முறை. எல்லா இடங்களும் நடக்கும் தூரத்தில் இருப்பதால் வரிசையை மாற்றுவதில் கால்வலி ஒன்றும் அதிகமாகாது.

முதலில் தெருவோரத்திலுள்ள ஆறுமூலைக் கிணறு. 1540களில் வாங் ஜி என்ற சீனக் கடல் வணிகர் இவ்வூரில் குடியேறினார். அந்தக் காலத்துச் சீனரோடு சேர்த்துச் சொல்லப்படும் கிணறு இது. கருத்த கல்லால் ஆன அறுகோண விளிம்பைத் தவிர வேறொன்றும் இல்லை; இரண்டு நிமிடம் போதும். ஆனாலும் ஐரோப்பியர் வருமுன்பே இந்தத் துறைமுகம் வெளிநாட்டாருக்குத் திறந்திருந்தது என்பதை இங்கே நின்று மனத்தில் பதித்துக்கொண்டால் மற்றவை விளங்கும்.

அடுத்து, சவேரியார் நினைவு ஆலயத்துக்கு ஏறும் சாய்வான பாதை. இந்தத் தீவில் நான் நெடுநேரம் நின்ற இடம் இது. இரு பக்கமும் பழைய பௌத்தக் கோயில்களின் கல்மதில். மதிலுக்கு மேலே கருஞ்சாம்பல் நிற ஓட்டுக் கூரைகள் ஒன்றின்மேல் ஒன்றாக மடிந்து ஏற, எல்லாவற்றுக்கும் மேலே வெளிர்பச்சைக் கூர்கோபுரமும் சிலுவையும் எழுந்து நிற்கின்றன. கோயிலையும் ஆலயத்தையும் ஒரே தெருவில் பார்த்து வளர்ந்த நமக்கு அதில் புதுமை இல்லை என்று தோன்றலாம். ஆனால் 1614இல் நாடு முழுவதும் கிறிஸ்தவம் தடை செய்யப்பட்டு, 1873 வரை அந்தத் தடை நீங்காமல் இருந்த ஊர் இது என்பதை நினைத்தால் அந்தச் சிலுவையின் உயரம் வேறாகத் தெரியும். கீழிருந்து மேலே ஏறிப் போவதே முறை. காரில் மேலே போய் இறங்குபவருக்கு இந்தக் காட்சி தவறிவிடும். ஆலயம் 1931இல் கட்டப்பட்டது. பக்கத்தில் 1971இல் சவேரியார் சிலை வைத்தார்கள். உள்ளே நிழற்படம் எடுக்கக் கூடாது. குரலைத் தாழ்த்திப் பேச வேண்டும். வழிபாட்டு நேரத்தில் சுற்றிப் பார்க்கப் போகக் கூடாது. இந்தப் பகுதி ஆலயங்களில் காலணியைக் கழற்றிவிட்டு நுழையச் சொல்லும் இடங்கள் உண்டு. நம் ஊராருக்கு அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அங்கிருந்து இறங்கி, துறைமுகத்தின் மறுபக்கத்துக் குன்றிலுள்ள சக்கிகாத்தாப் பூங்காவுக்குப் போனால் வில்லியம் ஆடம்ஸின் கல்லறையைக் காணலாம். 1600இல் டச்சுக் கப்பலொன்றில் ஜப்பானுக்கு வந்து சேர்ந்து, நாட்டை ஆண்ட தொக்குகாவா இயேயாசுவின் நம்பிக்கையைப் பெற்று, ஜப்பானியப் பெயரும் நிலமும் பெற்று, ஊர் திரும்பாமலே 1620இல் ஹிராடோவில் இறந்த ஆங்கில மாலுமி அவர். அந்தக் கல்லின் முன் நின்றபோது எனக்கு உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கும் டிலனாயின் கல்லறை நினைவுக்கு வந்தது. அவரும் கப்பலில் வந்தவர். வந்த இடத்து அரசரிடம் படைத்தலைவராகச் சேர்ந்து, 1777இல் அங்கேயே அடங்கியவர். புறப்படும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை புலியூர்க்குறிச்சிக்குப் போய், லத்தீனும் தமிழுமாக எழுதப்பட்ட அந்தக் கல்லைப் பார்த்துவிட்டு வாருங்கள்; ஹிராடோவில் அது உங்களுக்குப் பயன்படும்.

ஆங்கிலேயரின் பண்டகசாலை இங்கே 1613 முதல் 1623 வரை பத்தே ஆண்டுகள் நடந்தது. அதற்குத் தலைவராக இருந்த ரிச்சர்ட் காக்ஸ், ஆடம்ஸ் ரியூக்யூத் தீவுகளிலிருந்து கொண்டுவந்த சீனிக்கிழங்கை 1615இல் இங்கே நட்டு வளர்த்தார். அந்தத் தோட்டம் இருந்த இடத்தை நினைவுக்கல் வைத்துப் போற்றுகிறார்கள். மரச்சீனியும் சீனிக்கிழங்கும் தின்று வளர்ந்தவர்களுக்கு இந்தச் செய்தி பிடிக்கும்.

இனி டச்சுப் பண்டகசாலை. இதற்குக் குறைந்தது ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். 1639இல் கல்லால் எழுப்பிய பெரிய சேமிப்புக் கிடங்கின் முகப்பில் டச்சுக்காரர் கிறிஸ்து ஆண்டுக் கணக்கைப் பொறித்திருந்தார்கள். கிறிஸ்தவத்தை வேரோடு ஒழிக்க முனைந்திருந்த ஷோகன் (நாட்டை ஆண்ட படைத்தலைவர்) அரசின் அதிகாரி 1640இல் வந்து பார்த்தார். அந்த ஆண்டு எண்ணைக் காரணமாகச் சொல்லி, கட்டடத்தை இடிக்க உத்தரவிட்டார். பண்டகசாலையின் அப்போதைய தலைவர் பிரான்சுவா கரோன் ஒரு சொல்லும் மறுத்துப் பேசாமல் தம் ஆட்களைக் கொண்டே இடித்தார். மறுத்திருந்தால் உயிர்ச்சேதம் நிகழ்ந்திருக்கும். 1641இல் டச்சுக்காரர் நாகசாகியின் தெஜிமாவுக்கு மாற்றப்பட்டனர். அத்துடன் ஹிராடோவின் செல்வம் போயிற்று. நீங்கள் இப்போது பார்ப்பது 2011இல் அதே இடத்தில் மீண்டும் எழுப்பிய கட்டடம். வெளியே நின்று முகப்பை அண்ணாந்து பாருங்கள்: இடிபடக் காரணமான அந்த எண் திரும்பவும் அங்கே இருக்கிறது. உள்ளே சென்றதும் முதலில் தடித்த உத்தரங்களையும் தூண்களையும் கவனியுங்கள். பிறகு கண்ணாடிப் பேழைகளுக்குப் போகலாம். ஜப்பானியர் டச்சுக்காரரை ‘ஒராந்தா’ என்கிறார்கள். நம் பழைய எழுத்துகளில் அவர்கள் ஒல்லாந்தர். இரண்டு சொல்லும் போர்த்துக்கீசியர் வாயிலிருந்து வந்தவையே.

பக்கத்திலேயே பண்டகசாலையை ஊராரின் பார்வையிலிருந்து மறைக்க எழுப்பிய டச்சுச் சுவரும் டச்சுக் கிணறும் இருக்கின்றன, நடந்துகொண்டே பார்க்கலாம். சிறிது தள்ளி, ஹிராடோவை ஆண்ட மட்சுரா குடும்பத்தின் 19ஆம் நூற்றாண்டு மாளிகையில் அமைந்த வரலாற்று அருங்காட்சியகம் உள்ளது. அதன் வளாகத்துக் கூரை வேய்ந்த தேநீர்க்குடிலில் பச்சைத் தேநீரும் இனிப்பும் கிடைக்கும். மட்சுராத் தலைவர் ஒருவர் தொடங்கிய தேநீர் மரபு இன்றும் இங்கே தொடர்கிறது. பிறகு 1702இல் கட்டிய சைவாய் என்னும் கல்வளைவுப் பாலத்தைக் கடந்து கோட்டைக்கு ஏறுங்கள். மாலையில் இறங்கி வந்தால் துறைமுகத்தருகே கால்களை வைத்து இளைப்பாற வெந்நீர்த் தொட்டி இருக்கிறது. ஒரு சிறு துண்டு கொண்டுபோனால் போதும்.

இரண்டாம் நாள்: மேற்குக் கரை

மேற்குக் கரை ஊர்களுக்குப் பேருந்தை நம்பினால் நாள் முழுவதும் நிறுத்தத்திலேயே கழியும். வாடகைக்கார்தான் வழி. ஜப்பானிலும் சாலையின் இடப்பக்கமே ஓட்ட வேண்டும், ஓட்டுநர் இருக்கையும் நம்மைப்போல வலப்பக்கம். ஆகவே தயங்க வேண்டாம். இந்தியாவில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெறும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி அங்கே செல்லும். மூல உரிமத்தையும் கடவுச்சீட்டையும் உடன் வைத்திருங்கள். வண்டியைச் சசெபோவிலேயே எடுத்துக்கொள்வது எளிது.

காலையில் முதலில் கவாச்சி மேட்டுக்குப் போங்கள். மரமில்லாத புல்வெளி மேடு. இருபுறமும் கடல், கடல் நிறையத் தீவுகள். அதை அடுத்துக் கிழக்குக் கரையில் சென்ரிகஹாமா என்னும் நீண்ட மணற்கரை. சீன வணிகர் ஒருவருக்கும் ஜப்பானியத் தாய்க்கும் 1624இல் இங்கே பிறந்த குழந்தைதான் பிற்காலத்தில் கொக்சிங்கா என்று பெயர் பெற்ற செங் செங்கோங். சிப்பி பொறுக்கப் போன தாய்க்கு வலி எடுக்க, ஒரு பாறையைப் பற்றிக்கொண்டு பிள்ளை பெற்றாள் என்பது ஊர் வழக்கு. அந்தப் பாறை கரையிலேயே இருக்கிறது. ஏழு வயதில் சீனாவுக்குப் போன அந்தப் பிள்ளை 1662இல் டச்சுக் கம்பெனியைத் தைவானிலிருந்து வெளியேற்றினார். குளச்சல் வெற்றித்தூணைப் பார்த்தவர்கள் இந்தப் பாறையைப் பார்க்காமல் திரும்பக் கூடாது.

இனி மேற்கே கசுகா. யுனெஸ்கோ 2018இல் உலக மரபாக ஏற்ற மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவர்களின் 12 இடங்களில், கசுகா ஊரும் அதன் பின்னே நிற்கும் யாசுமான்தாகே மலையும் சேர்ந்து ஒன்று. எதிரே கடலில் தெரியும் நகாஎனோஷிமா என்ற ஆளில்லாத் தீவு இன்னொன்று. இங்கே ஆலயத்தைத் தேடாதீர்கள்; கிடையாது. தடை நீங்கிய பிறகும் இவ்வூரார் கத்தோலிக்கத் திருச்சபைக்குத் திரும்பாமல், தங்கள் முன்னோர் மறைவில் காத்த முறையிலேயே நின்றார்கள். மலைச்சரிவிலிருந்து கடல்வரை இறங்கும் படிப்படியான நெல்வயல்கள், நடுவே சில வீடுகள், ஊருக்குள்ளே ஒரு பழைய கல்லறை மேடு, அவ்வளவுதான். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று திரும்பிவிடாமல், கத்தாரினா என்னும் தகவல் வீட்டில் முதலில் போய் அமருங்கள். ஊர்ப் பெரியவர்கள் தேநீரும் ஊறுகாயும் கொடுத்துப் பேசுவார்கள். மொழி தெரியாவிட்டாலும் படங்களைக் காட்டி விளக்குவார்கள். வீட்டின் உள்ளறையில், சாமான் வைக்கும் இருட்டு மூலையில், தெய்வப் படங்களை மறைத்துவைத்து வணங்கிய வழக்கத்தை அங்கே அறிந்துகொண்டு, பிறகு வயல்வரப்பில் நடந்தால் ஊரின் அமைதி புரியும். வயல்கள் தனியார் நிலம். பாதையை விட்டு இறங்கக் கூடாது.

நகாஎனோஷிமாவைக் கரையிலிருந்து பார்ப்பதே முறை. 1620களில் கிறிஸ்தவர்கள் அங்கே கொண்டுபோய்க் கொல்லப்பட்டனர். மறைவில் வாழ்ந்தவர்களுக்கு அது புனித இடமாயிற்று. பாறைப் பிளவில் கசியும் நீரை எடுத்துவந்து அதைக் கொண்டே திருமுழுக்கு அளித்தார்கள். புலியூர்க்குறிச்சி முட்டிடிச்சான்பாறையில், சங்கிலியில் கட்டுண்ட தேவசகாயம் தாகத்தில் முழங்கையால் முட்ட நீர் வந்தது என்று நம்பி, அந்தச் சுனை நீரைக் கையில் ஏந்தும் நம் மக்களை அறிந்தவர்கள், கசுகாக் கரையில் நின்று அந்தச் சிறு தீவைப் பார்க்கும்போது வழிகாட்டியின் விளக்கத்துக்குக் காத்திருக்க வேண்டியிருக்காது. நான் அங்கே ஒரு மணி நேரம் நின்றேன். வேறு யாரும் வரவில்லை.

பிறகு பாலத்தின் வழியாக இகிட்சுகித் தீவுக்குப் போங்கள். அங்குள்ள தீவு அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி திமிங்கில வேட்டைக்கும் இன்னொரு பகுதி மறைந்த கிறிஸ்தவத்துக்கும் உரியது. ‘ஒராஷோ’ என்னும் வாய்ப்பாடச் செபத்தைப் பற்றி இங்கே அறியலாம். லத்தீனும் போர்த்துக்கீசியமும் ஜப்பானியமும் கலந்து, எழுத்தில் அகப்பட்டால் ஆபத்து என்பதால் நாவிலேயே தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டது அது. சவேரியார் நம் கரையில் பிள்ளைகளைக் கூட்டித் தமிழில் செபங்களை வாய்ப்பாடமாகச் சொல்லிக்கொடுத்ததும், அவருக்குப் பின் வந்த குருக்கள் இங்கே விதைத்ததும் ஒரே முறைதான். குரு இல்லாமல் இரண்டரை நூற்றாண்டு அது இங்கே நிலைத்தது.

நேரம் இருந்தால் வெண்மணல் கொண்ட நெஷிகோக் கரைக்கும் போகலாம். திரும்பும் வழியில், பாலத்துக்கு அப்பால் தபிரா ஆலயத்தை விட்டுவிட வேண்டாம். தெட்சுகாவா யோசுகே என்ற தச்சர் 1918இல் கட்டி முடித்த செங்கல் ஆலயம் அது. சாந்துக்கு வேண்டிய சுண்ணாம்புக்கு ஊரார் சிப்பிகளைப் பொறுக்கிச் சுட்டார்கள். சிப்பிச் சுண்ணாம்புக் காளவாய்களைக் கண்டவர்கள் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்க்காமல் இருக்க மாட்டார்கள்.

சாப்பாடு

சோறும் மீனும் உண்பவருக்கு இங்கே குறையில்லை. இலையுதிர் காலத்தில் வரும் கோலா மீனை இவர்கள் ‘அகோ’ என்பார்கள்; சுட்டு உலர்த்தி, அதன் சாற்றில் எல்லாக் குழம்பையும் வைப்பார்கள். குளிர்காலத்தில் நாக்குமீன் வகையைச் சேர்ந்த ஹிராமே சிறப்பு. இதனாலேயே மரக்கறி உண்போர் கவனமாக இருக்க வேண்டும்: காய்கறியாகத் தெரியும் உணவிலும் மீன்சாறு இருக்கும், கேட்டாலும் சமைப்பவர் அதை மீனாக எண்ணாமல் இல்லை என்று சொல்லிவிடக்கூடும். பருப்புப்பொடியும் ஊறுகாயும் கொண்டுபோவது நல்லது. வெறுஞ்சோறு எங்கும் கிடைக்கும். ஊருக்கு வாங்கிவர ‘கஸ்தோஸ்’ என்ற இனிப்பு ஏற்றது. போர்த்துக்கீசியர் கற்பித்த முட்டைக் கேக்கைத் துண்டாக்கி, மஞ்சள் கருவில் தோய்த்து, கொதிக்கும் பாகில் போட்டெடுத்து, மேலே சீனி தூவுகிறார்கள். ஆடம்ஸ் குடியிருந்த இடம் என்று சொல்லப்படும் தெருமுனைக் கடையிலேயே அது கிடைக்கிறது. கெடும் தேதியைப் பெட்டியில் பார்த்து, புறப்படும் நாள் காலையில் வாங்குங்கள். கடை திறக்கும் நேரத்தையும் சசெபோ பேருந்து நேரத்தையும் முந்தின இரவே குறித்துவைத்துக்கொண்டால் இரண்டும் தவறாது.